இன்னும் கொஞ்சம் நேயர்

இந்த ஊரில் நான் கேமராவைத் தூக்கினால் ஆட்கள் ஒதுங்கிப் போகிறார்கள். கோபமெல்லாம் கிடையாது. தூறல் விழும்போது கடை வாசலுக்கு ஒதுங்குவதுபோல, ரொம்ப மரியாதையாக ஒதுங்குகிறார்கள். போன மாதம் எங்கள் தெரு ரொட்டிக்கடையில், காலை வெயில் கண்ணாடி வழியாக விழுந்து ரொட்டிகளெல்லாம் தங்கம் மாதிரி இருந்தன. கை சும்மா இருக்குமா, கேமராவை எடுத்தேன். கடைக்கார அம்மா கையிலிருந்த தட்டைத் தூக்கி முகத்தை மறைத்துக்கொண்டு, "நைன், பிட்டே" என்றார். வேண்டாம், தயவுசெய்து என்று பொருள். ரொட்டியைத்தான் எடுக்கிறேன் என்று எனக்குத் தெரிந்த ஜெர்மனில் சொன்னேன். ரொட்டிக்குப் பின்னால் தன் கை தெரிகிறதே என்றார். தெற்கு ஜெர்மனியின் இந்தச் சிறு நகரத்தில் ஒவ்வொருவருக்கும் தன் உருவத்தின் மேல் உரிமை உண்டு. நம் ஊரில் நிலத்துக்குப் பட்டா இருப்பதுபோல இங்கே மூஞ்சிக்குப் பட்டா இருக்கிறது, கைக்கும் சேர்த்து. நான் கேமராவைப் பைக்குள் வைத்துவிட்டு அரை கிலோ ரொட்டி வாங்கிக்கொண்டு வந்தேன்.

ஊரிலிருந்து இதைப் படிப்பவர்களுக்கு இது எவ்வளவு பெரிய கொடுமை என்று புரிய வேண்டுமானால் நான் யார் என்று சொல்ல வேண்டும். கள்ளக்குறிச்சி பேருந்து நிலையத்துக்குப் பக்கத்தில் நானும் என் கூட்டாளி சேகரும் ஸ்டுடியோ வைத்திருந்தோம். கல்யாணம், காதுகுத்து, மஞ்சள் நீராட்டு என்று சுற்றுப்பட்டு ஊர்களில் நாங்கள் போகாத பந்தல் இல்லை. அங்கே என் வேலையில் பாதி, ஆட்களைப் படத்திலிருந்து வெளியே தள்ளுவதிலேயே போகும். பொண்ணு மாப்பிள்ளையை எடுக்கக் குனிந்தால் போதும், பக்கத்தில் கூலிங் கிளாஸோடு ஒரு பெரியப்பா முளைத்துவிடுவார். மேடையில் போட்டோகிராபர்தான் ராஜா. நான் கையைக் காட்டினால் ஐயர் மந்திரத்தை நிறுத்துவார். மாப்பிள்ளை தாலி முடிச்சு போட்ட பிறகும், "மாப்ள, படம் சரியா வுழல. இன்னொரு தபா கைய அப்படியே கொண்டாங்க" என்பேன். அவரும் கொண்டுவருவார். முகூர்த்த நேரத்தில் மணமக்களுக்கும் ஊருக்கும் நடுவில் முதுகைக் காட்டிக்கொண்டு நிற்பது நான்தான் என்பதால், சபை தூவுகிற அட்சதையில் முக்கால்வாசி என் முதுகில்தான் விழும். அத்தனை பேருடைய ஆசீர்வாதம் சேர்ந்துதான் என்னை விமானம் ஏற்றியது என்று என் அம்மா இன்றும் நம்புகிறாள்.

அந்தத் தொழிலுக்கு ஒரே ஒரு சட்டம் உண்டு. மூஞ்சி தெரிய வேண்டும். வெளிச்சம் சரியில்லை என்றால் மன்னிப்பார்கள். கல்வராயன் மலையில் வெள்ளிமலைப் பக்கம் ஒரு கல்யாணத்தில் பந்தலுக்குள் பனிமூட்டம் புகுந்து ஆல்பம் முழுக்கப் புகையாக வந்தது. தேவலோகம் மாதிரி இருக்கிறது என்று சந்தோஷமாக வாங்கிக்கொண்டு போனார்கள், ஏனென்றால் புகைக்கு நடுவிலும் முகங்கள் தெரிந்தன. ஆனால் நைனார்பாளையத்தில் ஒரு கல்யாணத்தில், குடும்பப் படத்தில் தாய்மாமன் முகத்தை மாலை மறைத்துவிட்டது. மூன்று பேர் ஆல்பத்தைத் தூக்கிக்கொண்டு ஸ்டுடியோவுக்கே வந்துவிட்டார்கள். "மாமன் மூஞ்சி எங்கய்யா? சீர் செஞ்சவன் மூஞ்சி இல்லாம இன்னா போட்டோ இது?" என்று பொண்ணுக்கு அப்பா மேசையைத் தட்டினார். மாமன் மட்டும் ஒரு ஓரமாக நின்று, தான் இல்லாத படத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். சேகர்தான் வேறொரு படத்திலிருந்து அவர் முகத்தை வெட்டி எடுத்து, மாலைக்கு மேல் பொருத்திக் கொடுத்துப் பிரச்சினையைத் தீர்த்தான்.

இங்கே நான் கவிதாவின் கணவனாக வந்தேன். கவிதா நர்ஸ். விழுப்புரத்தில் வேலை பார்த்துக்கொண்டே ஜெர்மன் படித்து, பரீட்சை எழுதி, இந்த ஊர் மருத்துவமனையில் வேலை வாங்கினாள். அவளுடைய விசாவின் வாலைப் பிடித்துக்கொண்டு நான் வந்தேன். வந்த நாளிலிருந்து ஒரு பார்சல் கிடங்கில் வேலை. பெல்ட்டில் வருகிற பெட்டிகளை ஊர்வாரியாகப் பிரித்துப் போட வேண்டும். பெட்டிகளுக்கும் மூஞ்சி கிடையாது, அவற்றின் விலாசத்தை மட்டும் பார்த்தால் போதும். ஆனால் எலவனாசூர்கோட்டையில் என் மாமனார் யார் கேட்டாலும், "மாப்ள ஜெர்மனில போட்டோகிராபரு" என்றுதான் சொல்லிக்கொண்டிருந்தார். நாங்கள் மறுக்கவில்லை. முதலில் சும்மா இருந்தோம், பிறகு மறுக்கிற நேரம் தாண்டிப் போய்விட்டது. மாமனார் கதை கட்டிவிட்டார், அதற்குள் குடியேற வேண்டியதுதான் என் பாக்கி.

அந்த நேரத்தில்தான் நகராட்சியின் பண்பாட்டு அலுவலகத்தில் ஒரு வாய்ப்பு வந்தது. கோடையில் நடக்கும் திறந்தவெளி இசைவிழா, கிறிஸ்துமஸ் சந்தை, பொம்மலாட்ட வாரம் என்று வருஷம் முழுக்க நடக்கும் நிகழ்ச்சிகளை எடுத்துவந்த புகைப்படக்காரர் வயதாகி ஓய்வு பெற்றுவிட்டார். அலுவலகத்துப் பொறுப்பாளர் அம்மா பிராவ் கெர்லாக்குக்குக் கவிதா ஒரு முறை மருத்துவமனையில் பணிவிடை செய்திருந்தாள். அந்தப் பழக்கத்தில் என் படங்களைக் கொண்டுபோய்க் காட்டினாள். பிராவ் கெர்லாக் கள்ளக்குறிச்சிக் கல்யாண ஆல்பத்தை ரொம்ப நேரம் புரட்டிவிட்டு, "இவர்கள் எல்லோரும் படம் எடுக்க அனுமதி கொடுத்தார்களா?" என்று கேட்டாராம். கடைசியில் ஒரு ஏற்பாடு சொன்னார். ஆகஸ்ட் மாத இசைவிழாவை இரண்டு பேர் எடுப்பது. ஒருவர் உள்ளூர்ப் பத்திரிகைக்குப் படம் எடுக்கும் ஃபேபியான் என்ற இளைஞர், மற்றவர் நான். யாருடைய படங்கள் பிடித்துப்போகின்றனவோ அவருக்கு வருஷம் முழுக்க வேலை.

விழாவன்று காலை கவிதா எனக்கு இட்லி எடுத்துவைத்துக்கொண்டே சொன்னாள்: "இது கெடச்சா நீங்க பழைய மாதிரி சத்தமா பேசுவீங்க. இப்பல்லாம் வூட்லயே கொரல் கம்மியாத்தான் வருது." நான் சிரித்துவிட்டு வந்துவிட்டேன். பேருந்தில் உட்கார்ந்த பிறகுதான் அது உறைத்தது. எனக்கு அந்த வேலை எவ்வளவு வேண்டும் என்று அப்போது தெரிந்தது. 

விழா நடந்தது ஊருக்கு வெளியே, குதிரைகள் ஓட்டும் ஒரு பெரிய மைதானத்தில். அந்த வருஷம் மழையே இல்லை. கூட்டம் நடக்க நடக்கப் புழுதி எழும்பியது. வெயிலும் நம் சித்திரை வெயிலுக்குத் தம்பி மாதிரி அடித்தது. ஜெர்மன்காரர்கள் வெயிலைக் கண்டால் சட்டையைக் கழற்றுவார்கள், நாம் தலையில் துணியைப் போடுவோம். என் பையில் ஊரிலிருந்து கொண்டுவந்த கருநீலத் துண்டு இருந்தது. அதைத் தலையில் சுற்றி, மிச்சத்தை மூக்குக்கும் வாய்க்கும் குறுக்கே இழுத்துச் செருகிக்கொண்டேன். கரும்பு வெட்டப் போகிறவர்கள் தூசிக்குக் கட்டுகிற கட்டு. வாசலில் நின்ற காவலாள், அனுமதிக்கு அடையாளமாகக் கட்டிவிட்ட என் கை வளையத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டுத்தான் உள்ளே விட்டான். தண்ணீர் குடிக்க வெளியே போய் வந்தபோது மறுபடியும் பார்த்தான்.

பகலில் தீயணைப்புப் படையின் பேண்டு வாசித்தது. மேடைக்குக் கீழே புகைப்படக்காரர்களுக்கென்று ஒரு சந்து விட்டிருந்தார்கள். அங்கே நின்றுகொண்டு, ஊதி ஊதிச் சிவந்த கன்னங்களை எடுத்தேன். இடைவேளையில் பிராவ் கெர்லாக் வந்து என் கேமராவின் சின்னத் திரையில் படங்களைப் பார்த்தார். நல்ல மனுஷி. கழுத்தில் சிவப்புக் கண்ணாடி தொங்கும், பேசும்போது கையைத் தொட்டுப் பேசுவார். "அழகு. ஆனால் நேயர். இன்னும் கொஞ்சம் நேயர் போங்கள்" என்றார்.

நேயர் என்றால் ஜெர்மனில் இன்னும் கிட்டே என்று பொருள். கடைசி எழுத்தை அவர்கள் பாதி விழுங்கிவிடுவார்கள் என்றாலும் என் காதில் அது நேயர் என்றுதான் விழும். ரேடியோவில் நேயர் விருப்பம் கேட்டு வளர்ந்த காது அல்லவா? நம் மொழியில் நேயர் என்பவர் எங்கோ தூரத்தில் உட்கார்ந்து கேட்பவர். இவர்கள் மொழியில் அதுவே கிட்டப் போ என்ற கட்டளை. சொல் எந்த மொழியில் இருந்தால் என்ன, பொறுப்பாளர் அம்மாவே வாய் திறந்து கிட்டப் போகச் சொல்லிவிட்டார் என்ற சந்தோஷம் எனக்கு. அவர் சொன்ன கிட்ட என்பது சந்தின் முன்வரிசை, அல்லது கொஞ்சம் நீளமான லென்ஸ். நான் கேட்ட கிட்ட என்பது கள்ளக்குறிச்சிக் கிட்ட. இரண்டுக்கும் நடுவில் ஒரு மேடையின் உயரம் இருந்தது.

சாயங்காலம், வெயில் சாய்ந்து வெளிச்சம் பழுத்து வந்த நேரத்தில், விழாவின் முக்கியமான குழு மேடையேறியது. நைஜர் நாட்டின் துவாரெக் இனத்தவர். சகாரா பாலைவனத்துக்காரர்கள். நீளமான அங்கி, தலையில் பல முழம் துணி, அதே துணி சுற்றி வந்து மூக்கையும் வாயையும் மூடியிருந்தது. கண்கள் மட்டும் தெரிந்தன. அவர்களில் பெண்கள் முகத்தை மூடுவதில்லை, ஆண்கள்தான் மூடுவார்கள் என்று அறிவிப்பாளர் சொன்னார். கூட்டம் ஆவென்று கேட்டுக்கொண்டது. எனக்கோ பெரிய வாய்ப்பு வந்து நிற்கிறது, எதிரே ஐந்து பேர், ஐந்து பேரில் ஒருத்தருக்கும் மூஞ்சி இல்லை. நைனார்பாளையத்து மாமன் என் கண்முன் வந்து நின்றார்.

இன்னொரு சிக்கலும் இருந்தது. இங்கே இசை நிகழ்ச்சிகளில் முதல் மூன்று பாட்டுக்குத்தான் படம் எடுக்கலாம், அதற்கப்புறம் அந்தச் சந்திலிருந்து வெளியேறிவிட வேண்டும். பேண்டுக்காரர்கள் ஒவ்வொரு பாட்டு முடிந்ததும் எழுந்து வணங்கினார்கள், எண்ணுவது சுலபமாக இருந்தது. இவர்கள் கிட்டார் ஒரு பாட்டிலிருந்து இன்னொன்றுக்குக் கால்வாய்த் தண்ணீர் மாதிரி நழுவிப் போனது. சுருதி சேர்க்கிறார்களா பாட்டு ஆரம்பித்துவிட்டதா என்றே புரியவில்லை. ஃபேபியான் ஒலிப்பதிவாளரைக் கேட்டுக்கொண்டு, சரியான நேரத்தில் எனக்குத் தலையாட்டிவிட்டு வெளியே போய்க் கூட்டத்தோடு நின்றுகொண்டான். நான் இரண்டாவது பாட்டுதான் நடக்கிறது என்று நம்பிக்கொண்டிருந்தேன். நம்பினேனா, நம்ப விரும்பினேனா என்று கவிதா பிறகு கேட்டாள். இரண்டும்தான்.

நடுவில் நின்று பாடியவர் பெயர் மூசா. உயரமானவர். பாடும்போது துணிக்குள்ளே வாய் அசைவது மட்டும் தெரிந்தது. சாய்ந்த வெயில் அவர் கண்ணில் நேராக விழுந்துகொண்டிருந்தது. துணியை மட்டும் ஒரு விரற்கடை இறக்கினால், முகவாயைக் கொஞ்சம் தூக்கினால், அது என் வாழ்க்கையிலேயே நல்ல படம். கிட்டப் போகச் சொன்னார் அல்லவா? பக்கவாட்டுப் படியில் ஏறினேன்.

காவலாள் பதறி ஓடிவந்தான். பாதிப் படியில் என்னை நிமிர்ந்து பார்த்தான். தலையில் கருநீலத் துணி, முகம் மூடியிருக்கிறது, தோல் நிறமும் ஒத்துப்போகிறது. மன்னிக்கவும் என்று கையால் சைகை செய்துவிட்டு, வழிவிட்டு இறங்கிப் போனான். காலையிலிருந்து கை வளையத்தைச் சந்தேகப்பட்டவன் இப்போது அதைப் பார்க்கவே இல்லை. இந்த நாட்டில் எந்த வாசலிலும் எனக்கு அவ்வளவு மரியாதை கிடைத்ததில்லை.

மேடைக்குப் போனதும் பழைய ராஜாவாகிவிட்டேன். கூட்டத்துக்கு முதுகைக் காட்டிக்கொண்டு மூசாவுக்கு எதிரே போய் நின்றேன். சத்தத்தில் பேச முடியாது என்பதால் கேமராவை இடுப்புப் பக்கம் தொங்கவிட்டு, இரண்டு கையாலும் சைகை செய்தேன். என் மூக்கிலிருந்து முகவாய்வரை கையை மெதுவாக இறக்கினேன். துணியை இறக்குங்கள் என்று அர்த்தம். உள்ளங்கையை விரித்து இடப்பக்கம் நகர்த்தினேன். வெளிச்சத்துக்குத் திரும்புங்கள். ஒரு விரலால் காற்றைத் தூக்கினேன். தலையைத் தூக்குங்கள். ஆயிரம் மாப்பிள்ளைகள் சொன்னபடி கேட்ட சைகைகள். மூசாவின் கண் விரிந்தது. கிட்டாரை என் பக்கம் திருப்பி, அதே வரியை மறுபடியும் வாசித்து, தலையை ஆட்டினார். பக்கத்துக் கிட்டார்க்காரர் எனக்கு இடம்விட்டு ஒதுங்கினார். அவருக்குப் பின்னால் இருந்த டிரம்காரர் கைதட்டினார். நான் இன்னும் அழுத்தமாகக் கையை இறக்கினேன், நகர்த்தினேன், தூக்கினேன். முதுகுக்குப் பின்னால் கூட்டம் ஓவென்று எழுந்தது.

அப்போதுதான் புரிந்தது. நான் ஆடிக்கொண்டிருந்தேன். அவர்கள் ஊரில் ஆண்கள் ஆடுவதே அப்படித்தானாம். கால் பெரிதாக அசையாது, கைகள் மெதுவாக ஏறி இறங்கும். இறங்கி ஓடலாம் என்று பார்த்தால் படிப்பக்கம் பாட்டுக்குக் குலவையிட்டுக்கொண்டு அவர்கள் குழுப் பெண்கள் இரண்டு பேர் ஏறி வந்துகொண்டிருந்தார்கள். ஆற்றில் இறங்கியாயிற்று, ஆழம் பார்த்து ஆகப்போவதென்ன என்று கூட்டத்தின் பக்கம் திரும்பி, பாட்டு முடிகிறவரை ஆடினேன். வெட்கமாக இருந்தது. அதைவிட வெட்கம், நடுவில் ஒரு கட்டத்தில் நன்றாகவும் இருந்தது. முதுகில் அட்சதை மட்டும்தான் விழவில்லை.

நிகழ்ச்சி முடிந்ததும் மூசா என்னை மேடைக்குப் பின்னால் கூப்பிட்டுச் சின்னக் கண்ணாடிக் குவளையில் தேநீர் கொடுத்தார். அவருக்குப் பிரெஞ்சு, எனக்கு அரைகுறை ஜெர்மன். பேஸ் கிட்டார் வாசித்தவருக்குக் கொஞ்சம் ஆங்கிலம் தெரியும், அவர்தான் பாலம். நீ என்ன மொழிக்காரன் என்று மூசா கேட்டார். தமிழ் என்றேன். "தமஷெக்!" என்று துள்ளினார். அவர்கள் மொழியின் பெயர் தமஷெக். அடுத்த நொடி என் தோளைப் பிடித்துக்கொண்டு மடமடவென்று அவர் மொழியில் பேச ஆரம்பித்தார். எத்தனையோ நாளாகக் காணாமல்போன சொந்தக்காரனைப் பார்த்த பேச்சு. நிறுத்த மனசு வரவில்லை, தலையாட்டிக்கொண்டே இருந்தேன். கடைசியில் ஒரு கேள்வி கேட்டுப் பதிலுக்குக் காத்திருந்தார். வேறு வழியில்லாமல் இந்தியா என்றேன். பேஸ்காரர் விழுந்து விழுந்து சிரித்தார். மூசாவும் சிரித்தார், ஆனால் தோளிலிருந்த கை மெதுவாக இறங்கியது எனக்குத் தெரிந்தது.

ஒட்டகத்தைப் பற்றி ஏதாவது கேட்கலாம் என்று கேட்டேன். அவர் இருப்பது பாரிசுக்கு வெளியே ஒரு அடுக்குமாடியில். வார நாட்களில் வேன் ஓட்டுகிறார். பாலைவனத்துக்குக் கல்யாணங்காட்சி என்றால்தான் போவாராம். சரி, முகத்தை ஒரு படம் எடுத்துக்கொள்ளலாமா என்று கேட்டதற்கு பேஸ்காரர் பதில் சொன்னார்: "தனியாக இருந்தால் எடுத்துக்கொள்ளலாம். ஆனால் டிரம் வாசித்தாரே, அவர் மூசாவின் மாமனார். மாமனார் முன்னால் யாராவது வாயைக் காட்டுவார்களா?" மாமனார் எதிரிலேயே ஒரு நாற்காலியில் உட்கார்ந்து பிஸ்கட் தின்றுகொண்டிருந்தார். மூசா துணிக்கு அடியில் குவளையைக் கொண்டுபோய்த் தேநீர் குடித்தார். எங்கள் பக்கம் மாப்பிள்ளை கால்மேல் கால் போட்டு உட்கார்ந்திருப்பார், மாமனார் அவர் இலையில் என்ன குறை என்று குனிந்து பார்த்துக்கொண்டு நிற்பார். போட்டோகிராபர் என்ற பொய்ப் பெயரில் ஒரு மாமனார் என்னைக் கொண்டாடிக்கொண்டிருக்கும்போது, எனக்குத்தான் வாயைக் காட்டும் தகுதி இல்லையோ என்று தோன்றியது. அப்படியே, கண் மட்டும் தெரிய, குவளையோடு அவரை எடுத்தேன். அன்று நான் எடுத்ததில் அதுதான் நல்ல படம். இப்போதும் அதை அவ்வப்போது எடுத்துப் பார்ப்பேன்.

திங்கட்கிழமைப் பத்திரிகையில் முதல் பக்கத்தில் விழாப் படம் வந்தது. ஃபேபியான் கூட்டத்திலிருந்து எடுத்தது. கருநீலத் துணி சுற்றி, வாயை மூடி, கண்ணை அரைவாசி மூடி, பொன் வெயிலில் ஒருவன் கையை விரித்து நிற்கிறான். இடுப்போடு வெட்டிவிட்டதால் கேமரா தெரியவில்லை. கீழே பத்திரிகை அலுவலகத்தில் யாரோ எழுதிய வரி: பாலைவனத்தின் மைந்தன் தன்னை மறந்து. கவிதா சமையலறைத் தரையில் உட்கார்ந்து கண்ணில் நீர் வரச் சிரித்தாள். பிறகு அதைக் குடும்ப வாட்ஸ்அப் குழுவில் போட்டுவிட்டாள். அம்மாதான் முதலில் கூப்பிட்டாள்: "இன்னாடா இது, மூஞ்சியக் கட்டிக்கினு நிக்கற? சளி புடிச்சிருக்கா? கஷாயம் வெச்சிக் குடிச்சியா?" நைனார்பாளையம் தங்கவேல் சித்தப்பாவிடமிருந்து குரல்செய்தி வந்தது. கவிதா தமஷெக் கதையையும் எழுதியிருந்தாள், அது போதாதா? "ஏழுமல, அவங்க நம்ம ஆளுங்கதாண்டா. தமிழ், தமஷெக், பேர்லயே இருக்குதே! ஆடு மாடு ஓட்டிக்கினு போனவங்க அங்கயே தங்கிட்டாங்க. நீ மேடைல ஏறினதும் அந்தாளுக்கு ரத்தம் சொல்லிச்சி பாத்தியா?" மாலைக்குள் அது பக்கத்து ஊர்க் குழுக்களையெல்லாம் சுற்றிவிட்டு, தமிழன் பெருமை என்ற தலைப்போடு எனக்கே திரும்பி வந்தது.

பிராவ் கெர்லாக் அலுவலகத்துக்குக் கூப்பிட்டார். காபி கொடுத்தார். "உங்கள் படங்கள் அழகு. அந்தத் தேநீர்ப் படம் என் மனதைவிட்டுப் போகவில்லை" என்றார். பிறகு லைடர் என்ற சொல் வந்தது. வருத்தத்துடன் என்று பொருள். இந்த நாட்டில் எல்லா மறுப்பும் அந்தச் சொல்லைச் செருப்பு மாதிரி வாசலில் கழற்றி வைத்துவிட்டுத்தான் உள்ளே வரும். புகைப்படக்காரர் நிகழ்ச்சியைப் பார்க்க வேண்டும், நிகழ்ச்சியாகவே ஆகிவிடக் கூடாது என்று மெதுவாகச் சொன்னார். வேலை ஃபேபியானுக்கு. நீங்கள்தானே நேயர் போகச் சொன்னீர்கள் என்று கேட்க நினைத்தேன். வாக்கியத்தை மனசுக்குள் சரியாகக் கட்டி முடிப்பதற்குள் அவர் அடுத்த விஷயத்துக்குப் போய்விட்டார்.

அடுத்த விஷயம், அடுத்த வருஷ விழாவுக்கான சுவரொட்டி. அதில் என் படத்தைப் போட விரும்புகிறார்கள். உருவம் என்னுடையது என்பதால் என் சம்மதம் வேண்டும். படத்தில் இருப்பது பாலைவனத்துக்காரர் இல்லையே என்றேன். "தெரியும். ஆனால் சுவரொட்டி யாரையும் பெயர் சொல்லிக் காட்டப்போவதில்லை. அது ஒரு உணர்வு" என்றார். அடுத்த வருஷம் மேடையில் இந்தியாவிலிருந்து ஏதாவது செய்கிறீர்களா, உங்களுக்கு அது இயல்பாக வருகிறது என்றும் கேட்டார். கிண்டல் துளியும் இல்லை. உண்மையான அன்போடு கேட்டார், அதுதான் தாங்கவில்லை. கையெழுத்துப் போட்டுக் கொடுத்தேன். நான் கள்ளக்குறிச்சிக்காரன். உன் படத்தைச் சுவரில் ஒட்டுகிறேன் என்று ஒருவர் சொன்னால் வேண்டாம் என்று சொல்லிப் பழக்கமில்லை. வெளியே வந்து பேருந்தைவிட்டுவிட்டு நடந்தே வீட்டுக்குப் போனேன். அழுகை வந்தது, அழுதேன். இந்த ஊரில் நடந்து போகிறவன் அழுதால் யாரும் ஏன் என்று கேட்க மாட்டார்கள், அந்த வகையில் வசதிதான்.

மே மாதம் சுவரொட்டிகள் ஊரெங்கும் முளைத்தன. நான் கிடங்குக்குப் பேருந்து ஏறுகிற நிறுத்தத்தின் கண்ணாடிச் சட்டத்துக்குள்ளும் ஒன்று வந்தது. ஆள் உயரத்துக்கு நான். கூட நிற்பவர்கள் அவனைப் பார்ப்பார்கள், பிறகு கைபேசியைப் பார்ப்பார்கள். ஒருத்தரும் என்னைப் பார்த்ததில்லை. கவிதா அதைப் படமெடுத்து ஊருக்கு அனுப்பினாள். அங்கே எலவனாசூர்கோட்டையில் திருவிழா நேரம். மாமனார் சும்மா இருப்பாரா, சேகரிடம் சொல்லிக் கோயிலுக்கு எதிரே ஒரு பேனர் வைத்துவிட்டார். ஜெர்மனியில் தமிழர் புகழ் பரப்பும் எங்கள் மாப்பிள்ளை என்று சிவப்பு எழுத்து. அதே படம். ஆனால் மூஞ்சி தெரியாமல் சேகர் பேனர் அடிப்பானா? வாய்த் துணியை அழித்துவிட்டு, எங்கள் கல்யாண ஆல்பத்திலிருந்து என் முகத்தை வெட்டி அங்கே பொருத்தியிருந்தான். நெற்றியில் சந்தனம், கன்னத்தில் திருஷ்டிப் பொட்டு, எல்லாப் பல்லும் தெரிகிற சிரிப்பு.

மதிய ஷிஃப்டுக்குப் போக நிறுத்தத்தில் நின்றபடி அந்தப் படத்தைக் கைபேசியில் பெரிதாக்கிப் பார்த்துக்கொண்டிருந்தபோது மாமனாரே கூப்பிட்டார்.

"மாப்ள, நல்லாருக்கீங்களா? பேனர் பாத்தீங்களா?"

"பாத்தேங்க மாமா. நல்லா வந்திருக்கு."

"போறவன் வரவன்லாம் நின்னு பாத்துக்கினு போறான். ஒரே ஒரு சந்தேகம், பக்கத்து வூட்டுக்காரரு கேட்டுக்கினே இருக்காரு. போட்டோ நீங்க எடுத்ததுதானுங்க?"

என் எதிரே கண்ணாடிக்குள், சுவரொட்டியின் அடி ஓரத்தில், எறும்பு அளவு எழுத்தில் புகைப்படம்: ஃபேபியான் என்று இருந்தது. அதை ஒரு முறை வாசித்தேன்.

"ஆமாங்க மாமா. நான் எடுத்ததுதான்" என்றேன்.

"அவரே எடுத்ததாம்யா! நான்தான் அன்னிக்கே சொன்னேனே!" என்று அவர் அந்தப் பக்கம் யாரிடமோ கத்துவது கேட்டது. மேடையில் நிற்கிறவனே எதிரே நின்று தன்னை எப்படி எடுத்துக்கொண்டான் என்று எலவனாசூர்கோட்டையில் யாரும் கேட்கவில்லை. பேருந்து வந்துவிட்டது. கோயில் எதிரே ஒருவனையும் நிறுத்தத்தில் ஒருவனையும் நிற்கவைத்துவிட்டு, மூன்றாவது ஆளாக நான் பார்சல் பிரிக்கப் போனேன்.